காலிக் கட்டம் பதினைந்தைவிடப் பெரிதா

முந்நூற்று அறுபத்தைந்து வரிசை.
பேச்சிப்பாறைக்கு மேலே ஒரே ஒரு மழைமானி,
நாளுக்கு ஓர் எண்.
வேப்பமூட்டில், செருப்புக்கடையின் மாடியில்
நான் எழுதிய நிபந்தனையும் ஒரே வரிதான்:
மழை பதினைந்து மில்லிமீட்டருக்கு மேல் என்றால்
நில். இல்லையென்றால் போ.

என்டரைத் தட்டினேன்.
நாற்பத்து மூன்று நின்றன.

பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்கு இறங்காது,
வழி தவறி மரமெல்லாம் ஒழுகும்.
அந்த நாளுக்குப் பாதிக்கூலி என்று ஒப்பந்தம்.
நாற்பத்து மூன்று பாதிகள்.
அனுப்பிவிட்டு ரசவடை தின்னப் போனேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது.
கூப்பில் பால் வெட்டுகிற கமலபாய்.
"நாப்பத்தேழு நாளு பிள்ளே.
எனக்க சர்ச் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.
இடவப்பாதியில நாலு நாளு உனக்க கணக்குல இல்ல.
அந்த நாலு நாளுதான் மழையே பெஞ்சது."

அட்டவணைக்குத் திரும்பினேன்.
ஜூன் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு.
கட்டத்தில் ஒன்றுமில்லை.
சைபர் என்றாலும் ஓர் எண்,
இது அதுவுமில்லை.

காலிக் கட்டம் பதினைந்தைவிடப் பெரிதா என்று கேட்டால்
நிரல் ஆமென்று சொல்லாது, இல்லையென்றும் சொல்லாது.
தெரியாது என்னும்.
தெரியாது என்றவற்றை
இல்லை என்றவற்றோடு சேர்த்து
சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும்.
சிவப்பில் ஓர் எழுத்துகூட வராது.
நாற்பத்து மூன்று எவ்வளவு நேர்த்தியாக நின்றது!

"காலின்னா சைபர் போடும்மா, சோலி முடிஞ்சுது"
என்றார் செண்பகராமன் சார்.
நான் நிபந்தனைக்குப் பக்கத்தில்
ஒரு நெட்டைக் கோடு போட்டேன். அல்லது என்று பொருள்.
அல்லது, காலியாக இருந்தால்.
ஐம்பத்திரண்டு.
இப்போது ஐந்து கூடுதல்.

குலசேகரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.
மழைமானி பார்க்கிற ஞானசிகாமணி
பதிவேட்டை ஒட்டுப்பால் வாடையோடு கொண்டுவந்து வைத்தார்.
ஓரத்தில் பென்சில் எழுத்து.
தட்டச்சு செய்தவர்கள் தொடாத எழுத்து.

பாலம் முங்கி. போகலை.
பாலம் முங்கி.
முங்கி.
நான்காம் நாளுக்கு இரண்டு சின்னக் கீறல் மட்டும்,
மேலே உள்ளதேதான் என்பதற்கு.

"ஒரு எண்ணைப் போட்டிருக்கலாமே" என்றேன்.
"பாக்காத மழைய எப்பிடி எழுத?" என்றார்.

பிப்ரவரியில் நான்கு கட்டம் காலி.
மகள் பிரசவம், ஆசாரிப்பள்ளம்.
இன்னும் இல்லை.
ஆண். மூணு கிலோ.
நல்ல வெயில்.

ஆக எட்டு.
ஒன்பதாவது, அக்டோபர் இருபத்தொன்று.
அதன் ஓரத்தில் பென்சிலும் இல்லை.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிப் பார்த்தார்.
"ஓர்ம இல்ல" என்றார்.
கமலபாயிடம் கேட்டேன்.
"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். மூடிக் கிடந்தேன்.
பெஞ்சுதோ பெய்யலியோ, அறியாது பிள்ளே."
வட்டம் ஒன்று சும்மா கூடியிருக்கும்.
அவள் கூட்டவில்லை.

இரவு அட்டவணையில் புதிதாய் ஒரு நிரை சேர்த்தேன்.
தலைப்பு: ஏன்.
முந்நூற்று அறுபத்தைந்து வரிசைக்கும்
அதில் ஒன்பது இடத்தில்தான் வேலை,
எட்டு இடத்தில்தான் எழுத இருந்தது.
நிபந்தனை மூன்று வரியாக நீண்டது,
இரண்டு அடைப்பு, ஒரு நெட்டைக் கோடு,
"முங்கி" என்று ஒரு சொல்.

நாற்பத்தேழு நின்றன.

அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் போட்டேன்:
அக்டோபர் 21, தெரியாது.
செண்பகராமன் சார் அதைச் சிவப்பில் அடித்து அனுப்பினார்.
திரும்ப எழுதிக் கொடுத்தேன்.
பேனாவைத் திறந்தார். மூடினார். திறந்தார்.
கையெழுத்தை அந்த வரிக்குக் கீழே போட்டார்.